நிறையைக் கடைசியில் சொல்பவர்

தேனிப் பக்கம் திராட்சைக்கும் வாலிபாலுக்கும் அடுத்தபடியாக நன்றாக விளைவது அபிப்பிராயம். அந்த விளைச்சலில் முதல் தரமானவரை மதிப்பீட்டாளர் என்று அழைக்கலாம். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மைதானமே கைதட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். பந்து விழுந்த இடத்தை ஊரே பார்க்கும்போது, அடித்தவனின் கால் எங்கே இருந்தது என்று பார்ப்பார். "பையன் எப்படி?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. தொண்டையைச் செருமுவார், வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார், மேற்கே மலையை ஒருமுறை பார்ப்பார், பிறகு குறையிலிருந்து தொடங்குவார். அப்படியானால் நிறையே இல்லையா? இருக்கிறது. அது கடைசியில் வரும். அதுவரை நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடைப்பட்டி அமிர்தராஜ் இந்த இனத்தில் பழுத்தவர். இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல், ஒரு குடை, ஒரு மனைவி, ஒரு மகன், எல்லாவற்றையும் பற்றித் தீர்மானமான கருத்து. பாராட்டை முதலில் சொன்னால் கேட்பவன் நம்ப மாட்டான் என்பது அவருடைய கொள்கை. குறைகளை வரிசையாகச் சொல்லி, இவர் நடுநிலையான ஆள் என்று காட்டிவிட்டு, அதற்குமேல் நிறையைத் தூக்கி வைத்தால்தான் அது அசையாமல் நிற்குமாம். கொள்கையில் பிழை ஒன்றும் இல்லை. கேட்பவர்களுக்குத்தான் வேறு வேலைகள் இருந்தன.

ஊர்ச் சர்ச்சுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் முதல் பிரசங்கத்தை முடித்துவிட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, "சாமி, மூணு எடத்துல மூச்சு வாங்குனீக. ரெண்டாவது கதை முதக் கதையோட ஒட்டல. மைக்க ரொம்பக் கிட்டத்துல வச்சிட்டீக" என்று ஆரம்பித்தார். நாலாவது குறைக்கு வருவதற்குள் சாமியார் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிரசங்கத்தைக் கேட்டு அமிர்தராஜுக்குக் கண் கலங்கியது சாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

சொந்தத் தோட்டத்துக்கும் அதே நியாயம்தான். தேனி பஜாரிலிருந்து வியாபாரி குருசாமி வந்து, "பழம் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால், "மேக்க நாலு வரிசை காய் பொடிசு. போன மழைக்குக் கொஞ்சம் வெடிச்சிருக்கு. நெறம் இன்னும் ஏறணும்" என்று விவரம் வரும். இனிப்பைப் பற்றிய பேச்சு வருவதற்குள் குருசாமி ஒரு விலையைச் சொல்லி வண்டியை வரச் சொல்லியிருப்பார். ஓடைப்பட்டியில் அமிர்தராஜ் அண்ணன் தோட்டத்தில் மட்டும் பேரம் பேசுகிற வேலையே கிடையாது, அதையும் அவரே பேசிவிடுகிறார் என்று குருசாமி பஜாரில் மிகுந்த மரியாதையோடு சொல்வதுண்டு.

வாலிபாலை மதிப்பிட அவருக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? இளவயதில் ஊர் அணிக்கு மாற்று ஆட்டக்காரராக ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கி, ஒரே ஒரு சர்வீஸ் போட்டிருக்கிறார். அது நெட்டில் விழுந்தது. அன்றைக்கு நெட்டை இரண்டு விரற்கடை உயரமாகக் கட்டியிருந்தார்கள் என்பதை முப்பத்தாறு வருடங்களாக நிரூபித்து வருகிறார்.

மகன் சகாய பிரவீன் தேனியில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரி அணியின் செட்டர். செட்டர் என்பவன் பந்தைத் தான் அடிப்பதில்லை. அடுத்தவன் அடிப்பதற்குத் தோதாக நெட்டுக்கு மேலே தூக்கிக் கொடுப்பான். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரம், எதிராளியை எப்படி ஏமாற்றுவது என்பதெல்லாம் அவன் தலையில்தான் இருக்கும். கைதட்டு மட்டும் அடித்தவனுக்குப் போகும். பிரவீன் தூக்கிக் கொடுத்த பந்துகளை அடித்து அடித்தே அவன் சிநேகிதன் அருண் ஜோசப் தேனியிலிருந்து கூடலூர் வரை செல்போன் வீடியோக்களில் ஓடிக்கொண்டிருந்தான்.

பிரவீன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அமிர்தராஜ் தவறவிட்டதில்லை. கோட்டுக்குப் பின்னால் குடையை ஊன்றி நிற்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து குறைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். எட்டாவது குறைக்கு வீடு வந்துவிடும். பிரவீன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவான். ஆக, தன்னைப் பற்றித் தகப்பனார் வைத்திருந்த நிறை என்னவென்று மூன்று வருடங்களில் ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

இப்படியிருக்க, கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் திருவிழாவில் போட்டி. அன்று காலை சாப்பிடும்போது பிரவீன் மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, கொச்சியிலருந்து கிளப் மேனேஜர் ஒருத்தர் வாராராம். காசு குடுத்து ஆட வைக்கிற டீமு. எங்க வீடியோவப் பாத்துட்டு வாராரு."

"வரட்டும்."

"எடுத்துட்டாகன்னா ரெண்டு வருச ஒப்பந்தம். இல்லன்னா ஏப்ரலோட ஆட்டம் முடிஞ்சிரும். பெரியப்பா டைல்ஸ் கடையில ஒக்கார வேண்டியதுதான்."

பெரியப்பா கடை பழனிசெட்டிபட்டியில் இருந்தது. நல்ல கடை. அந்தக் கடையை நினைத்த மாத்திரத்தில் அமிர்தராஜுக்கு மூன்றாவது இட்லி இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பள்ளத்தாக்கில் இவனைப் போல ஒரு செட்டரை அவர் பார்த்ததில்லை. அதை மேனேஜரிடம் சொல்வது என்று அப்போதே முடிவு செய்தார். அதோடு இன்னொரு முடிவும் எடுத்தார். தகப்பன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. தகப்பன் சொல்லுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

மேனேஜர் பெயர் சாஜு. கையில் டேப்லெட், கழுத்தில் துண்டு. ஆட்டம் முடிந்து பிரவீன் அணி ஜெயித்தபின், இங்கே விவரம் தெரிந்த ஆள் யார் என்று விழாக் குழுவில் விசாரித்தார்.

"அங்கன குடையோட நிக்கிறாக பாருங்க, அவுகளக் கேளுங்க. ஆட்டத்தக் கரைச்சுக் குடிச்சவுக" என்றார்கள். அவர் பிரவீனின் அப்பா என்று சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யார் தனியாகச் சொல்வார்கள்?

"சாரே, அந்த செட்டர் பையன் எப்படி? உள்ளதை உள்ளபடி பறயணும்" என்று சாஜு கேட்டார். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, குமுளிப் பக்கம் பழகியவர்களுக்குச் சிரமமில்லை.

அமிர்தராஜ் தொண்டையைச் செருமினார். வேட்டியை இறுக்கினார். மேற்கே மலையைப் பார்த்தார்.

"ஒசரம் பத்தாது."

சாஜு எழுதிக்கொண்டார்.

"எடது கால் லேட்டா வருது. பின்னாடி தூக்குறதுக்கு முன்னால தோளு காட்டிக் குடுத்துரும். சர்வீஸு மெதுவு. பாயிண்டு பின்தங்குனா, சுத்திப் பாக்காம அருண் ஜோசப்புக்கே குடுப்பான்."

"ஓகோ."

"லைன்மேன்கிட்டக் கோவப்படுவான். நெட்டு ஓரத்துல பந்து வந்தா ஒத்தக் கையில வாங்குவான், பத்துக்கு ரெண்டு தப்பும்."

இதுவரை ஏழு. அமிர்தராஜின் கணக்கில் இன்னும் இரண்டு குறை பாக்கி. அதை முடித்துவிட்டு நிறைக்கு வர வேண்டும். அதற்கான வாக்கியம் காலையிலிருந்து தயாராக இருந்தது. உள்ளுக்குள் அவருக்கு ஒரு திருப்தி. இந்த மனிதர் ஒரு வார்த்தை விடாமல் நம்புகிறார், இனி எதைச் சொன்னாலும் எடுபடும்.

சாஜு டேப்லெட்டை மூடினார். "போதும் சாரே, மனசிலாயி. எல்லாரும் 'சூப்பர், சூப்பர்'னு மட்டும் பறயும். உங்களைப் போலக் கண்ணுள்ள ஆளு கிட்டாது. நம்பர் தரணும்." நம்பரை வாங்கி, 'தேனி எக்ஸ்பர்ட்' என்று பதிந்துகொண்டு, குமுளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ரோட்டைப் பார்த்து நடந்தார்.

எட்டாவது குறை வாயில் இருக்க, அமிர்தராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு ஓடினார். அவர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் வேட்டி நுனியுமாக ஓடி, கிளம்பிய பஸ்ஸில் தொற்றி ஏறி, சாஜுவின் சீட்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுரை இல்லாமல் பேசினார்.

"அவன் தூக்கிக் குடுத்தா எவன் வேணாலும் அடிக்கலாம். கூட ஆடுறவன் அம்புட்டுப் பேரும் பெரிய ஆட்டக்காரனாத் தெரிவான். அவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல சார்."

சாஜு அவரை நிமிர்ந்து பார்த்தார். வியர்வையைப் பார்த்தார், கையில் பிடித்திருந்த வேட்டி நுனியைப் பார்த்தார். "பையனுக்கு நீங்க ஆரு?"

மாதா கோயில் ஊரில், திருவிழா நாளில், பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்பா."

சாஜு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புதான். "அச்சன்மார் எல்லாரும் இதே பறயும் சாரே. முன்னே நீங்க ஆட்டக்காரனைப் பத்திப் பறஞ்சு, அது எழுதியாச்சு. இது மகனைப் பத்தி. இதை நான் எங்கே எழுதறது?"

"டிக்கெட் எடுக்கிறீகளா, எறங்குறீகளா?" என்றார் கண்டக்டர்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். அரைமணி நேர நடை.

பத்து நாள் கழித்துக் கிளப்பிலிருந்து அருண் ஜோசப்புக்குத்தான் அழைப்பு வந்தது. அவன் அடி அப்படியாம். பிரவீன் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான். குரலில் கோபம் இல்லை.

"அப்பா, அன்னைக்கு அந்த மேனேஜர்ட்ட என்னயப் பத்தி நல்லதா ஏதாச்சும் சொன்னீகளா?"

கேட்பதற்கு ஆள் இருந்தது. பிடிப்பதற்கு பஸ் இல்லை. எழுதுவதற்கு இடம் தேட வேண்டியதும் இல்லை, அவன் மனதில் இருந்த இடம் போதும்.

"சொன்னேம்ப்பா. ஆனா அதுக்கு முன்னாடி…"

"முன்னாடி ஒண்ணும் வேண்டாம்" என்று அடுப்படியிலிருந்து மனைவி பிலோமினாவின் குரல் வந்தது. "அவனப் பத்தி நெஞ்சுல என்ன வச்சிருக்கீகளோ, அத மட்டும் சொல்லுங்க."

முயன்றார். உண்மையாகவே முயன்றார். தொண்டையைச் செருமினார். வேட்டியில் கை போனது.

"அந்த மூணாவது செட்டுல, ஒன் எடது கால் இருக்குல்ல…"

பிரவீன் தலையை ஆட்டினான். எட்டாவது வரைக்கும்கூட நிற்கவில்லை. ஏப்ரல் முடிந்ததும் கடைக்கு வருவதாகப் பெரியப்பாவிடம் சொல்லப் போய்விட்டான்.

அமிர்தராஜை நினைத்து உங்களுக்குக் கோபம் வரலாம், பரிதாபமும் வரலாம். இரண்டும் நியாயம்தான். உங்கள் வீட்டிலும் ஒருவர், இதோ இந்நேரம் பக்கத்து அறையில், உங்களிடமிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்கும். யார் என்றும் உங்களுக்குத் தெரியும், என்ன வார்த்தை என்றும் தெரியும். இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், பார்க்கலாம்.

என்ன தயக்கம்? அதற்கு முன்னால் அவரிடம் சின்னதாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறதா?