பொன்னுராஜின் எதிரொலிப் பெட்டி

மூன்றாவது புதன்கிழமையும் பொன்னுராஜின் பெட்டி மிளகாய் வத்தல் விலை சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், சபையார் கோயில் என்றே சொல்கிற தேவாலயத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலப் பாட்டுப் பயிற்சி. இயேசுவின் சிலுவைப் பாடுகளைப் பற்றிய மெதுவான பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்து பாடகர்கள் மூச்சு வாங்கிய இடத்தில், கிட்டார் ஒலிக்க வேண்டிய ஸ்பீக்கரிலிருந்து ஒரு வானொலிக் குரல் "சம்பா வத்தல் குவிண்டாலுக்கு" என்று ஆரம்பித்து, நிதானமாகக் குண்டு வத்தலுக்கும் போனது. பெண்கள் வரிசை பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பாடகர் குழுத் தலைவர் ஐயாதுரை வாத்தியார் சிரிக்கவில்லை.

"ஏலே பொன்னுராசு, பெரிய வெள்ளிக்கு இன்னும் பதினாறு நாளுதான் கெடக்கு. அன்னைக்கும் ஒன் பெட்டி சந்தைக்குப் போச்சுன்னா கமிட்டி என்ன செய்யும்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. பம்பாயிலிருந்து திரும்பிய தவசிமுத்து ஒரு காசியோ கீபோர்டோடு வந்து இறங்கியிருந்தான். ஒரு கோயிலுக்கு ஒரு வாத்தியம் போதும் என்று கமிட்டி தீர்மானித்துவிட்டது. பெரிய வெள்ளியன்று இருவரும் வாசிப்பார்கள். யார் இருப்பது, யார் போவது என்று ஈஸ்டர் காலையில் அறிவிப்பார்கள்.

பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு தறி அவனுடைய இடது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. காயத்துக்குச் சுற்றிய துணியும் அதே தறியில் ஓடியதாகத்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி நினைத்துக்கொண்டான். கம்பெனி அவனைத் தறியிலிருந்து எடுத்து, சுருள் கட்டும் மேசைக்கு மாற்றியது. வாரத்தில் ஆறு நாளும் அந்த மேசை. ஏழாவது நாள் ஒன்றரை மணி நேரம் கிட்டார். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவன் ஓர் ஆளாக இருந்தான்.

மிச்சமிருந்த விரல்களுக்கு வேகம் போதவில்லை. ஒரு ஸ்வரம் செத்து, அடுத்தது பிறப்பதற்குள் ஒரு வெற்றிடம் விழுந்தது. அந்த வெற்றிடத்தில் ஜனங்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எதிரொலி இருந்தால் முதல் ஸ்வரம் அடுத்தது வரும்வரை வாசலில் நின்று காத்திருக்கும். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கில இதழில் அதற்கு ஒரு படம் போட்டிருந்தது. மில்லில் கழித்துப் போட்ட இரண்டு ஸ்பிரிங், பழைய டெலிபோனில் காதில் வைக்கும் குமிழ்கள் இரண்டு, காலால் அமுக்க ஒரு சுவிட்ச். ஒரு முனையில் போகிற சத்தம் ஸ்பிரிங்கில் ஆடி ஆடி மறுமுனைக்கு வந்து சேரும்.

முதலில் அது உறுமியது. உறுமலை நிறுத்தக் குழாயடி வரைக்கும் ஒரு எர்த் கம்பி இழுத்தான். பயிற்சிக்கும் அதே நீளக் கம்பியைக் கொண்டுபோய்க் கோயில் குழாயில் கட்டினான். உறுமல் நின்றது. அந்தக் கம்பியே ஏரியலாகி வத்தல் விலையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ரேடியோ மெக்கானிக் சங்கையாவிடம் போனான். கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு, பெட்டியைத் தகரத்துக்குள் போட்டு மூடச் சொன்னார் அவர். வெளியே இருப்பது உள்ளே வராது, உறுமலும் அடங்கும் என்றார். வீட்டில் பொருத்தமான தகரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அரிசி இருந்தது.

வானொலி செத்தது. ஆனால் ஸ்பிரிங் இப்போது தகரத்தில் இடித்தது. மனைவி பரிபூரணம் அடுப்படியில் குடத்தை இறக்கினால் முன்னறையில் வெடிச் சத்தம் கேட்டது.

"நான் நடந்தா ஆனை நடக்க மாதிரில்லா கேக்கு," என்றாள் அவள். "அரிசியையும் கொட்டிட்டு, என்னையும் ஆனையாக்கிட்டிய. ஒங்களுக்கு அந்தக் கோயில் பெஞ்சுல அப்படி என்னதான் இருக்கு?"

பொன்னுராஜ் அவளைப் பார்க்காமல், தன் இடது கையைப் பார்த்தபடி, "அங்கன உக்காந்தா எனக்குப் பத்து விரலு இருக்கு," என்றான்.

அவள் அதற்குப் பிறகு அரிசியைப் பற்றிப் பேசவில்லை. குடத்தை மெதுவாக இறக்கினாள்.

கம்பெனியில் கழித்த பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து, தகரத்துக்குள் தொட்டில் கட்டி, ஸ்பிரிங்கை அதில் தொங்கவிட்டான். கையைக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப்போல அது தொங்கியது. இடிப்பது நின்றது. துணி சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. எதிரொலி கிணற்றுக்கடியில் யாரோ முனகுவதுபோலக் கேட்டது. ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்தான். போதவில்லை. இன்னொன்று சேர்த்தான். இப்போது சுவரில் பல்லி சொன்னாலே தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு இருளம்மாள் எந்தத் திசையில் சொன்னது என்று விசாரித்துவிட்டுப் பஞ்சாங்கம் பார்க்கப் போனாள்.

ஆனாலும் கடைசிப் பயிற்சியில் அது வேலை செய்தது. ஒரு நரம்பைத் தொட்டால் ஸ்வரம் கூரைவரைக்கும் போய், அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தது.

"இனி அதுல கை வச்ச, கையை முறிச்சிருவேன்," என்றார் வாத்தியார்.

பொன்னுராஜால் கை வைக்காமல் இருக்க முடியவில்லை. தொட்டில் லேசாக ஆடுவதாகத் தோன்றியது. பெரிய வெள்ளியன்று காலையில், அது ஆடாமல் நிற்க, அடியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டிவிட்டுத்தான் கோயிலுக்குப் புறப்பட்டான்.

பங்குனி வெயில். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஒரு பிரசங்கம், ஒரு பாட்டு. தகரத்தைப் பெஞ்சுக்கு அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தான். அவனுடைய வயரும் தவசிமுத்துவின் வயரும் ஒரே ஆம்ப்ளிஃபயருக்குத்தான் போயின. ஆறு வார்த்தைகளுக்கும் பெட்டி பிசகவில்லை. வெற்றிடம் விழவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக யாரும் அவனைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

ஏழாவதும் முடிந்தது. உயிர் பிரிந்த நேரத்துக்கான மௌனம். எல்லோரும் முழங்காலிட்டார்கள். மின்விசிறிகளைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அப்போது பெஞ்சுக்கு அடியில், கம்பெனியில் தினமும் கேட்டுப் பழகிய ஒரு சின்னச் சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம்.

அடுத்த நொடியில் இரும்பும் ஸ்பிரிங்கும் தகரத்தில் விழுந்தன. இரண்டு டிரான்சிஸ்டரும் அதைத் தூக்கி ஆம்ப்ளிஃபயரிடம் கொடுத்தன. ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருந்த ஸ்பீக்கர்களிடமும் கோபுரத்து ஒலிபெருக்கிகளிடமும் கொடுத்தது. கோயிலுக்குள் இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஒரு பெண் அலறினாள். பின்வரிசையில் பலர் வாய்விட்டு அழுதார்கள். ஒரு பெரியவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஊர் முழுக்க ஐயர் என்று கூப்பிடுகிற போதகர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

இடி கூரைக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது. அந்த விஷயத்தில் பெட்டி குறை வைக்கவில்லை.

பொன்னுராஜ் வயரைப் பிடுங்கிவிட்டுக் குனிந்துகொண்டான்.

முழங்காலில் இருந்தபடியே ஐயாதுரை வாத்தியார், "ஏலே, ஒன் பெட்டியா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல சார்."

வாசலில் கமிட்டிச் செயலாளர் அவனை நிறுத்தி அதையே கேட்டார். துண்டு போட்டு மூடிய தகரத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, தன் பெட்டி அப்போது ஆஃப் செய்து கிடந்ததென்றான். மூன்றாவதாக ஐயரே வந்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"பொன்னுராஜ், அந்தச் சத்தம் உம்ம பெட்டியில இருந்துதான வந்துச்சு? பயப்படாம சொல்லும்."

பயப்படாதே என்று ஒருவர் சொல்லும்போதுதான் அவனுக்குப் பயம் அதிகமாகும்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்கய்யா. என் பெட்டி இல்ல."

 ஐயர் தவசிமுத்துவின் காசியோ இருந்த பக்கம் மெதுவாக நடந்தார்.

ஈஸ்டர் காலையில் அறிவித்தார்கள். இனி காசியோதான். இத்தனை காலம் கிட்டார் வாசித்த சகோதரருக்குச் சபையின் நன்றி. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள், பழைய பார்வையோடு.

எல்லோரும் போன பிறகு பொன்னுராஜ் கிட்டாரை எடுக்க வந்தான். மணி அடித்து, கோயிலைப் பெருக்கிப் பூட்டுகிற ரத்தினம் அண்ணாச்சி பெஞ்சுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். விரல் போனபோதே விட்டிருக்க வேண்டும் என்றான் பொன்னுராஜ். அன்றைக்கு அந்த இடி மட்டும் விழாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம் என்று தானாகவே உளறினான்.

ரத்தினம் அண்ணாச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனையே பார்த்தார்.

"கூறுகெட்டவனே, 'ஆண்டவரு ஜீவன விட்டதும் பூமி அதிர்ந்துச்சுங்கத இருவது வருசமா பிரசங்கத்துல வாயால சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன், அந்தச் சத்தம் ஒரு நொடியில காட்டிருச்சு, அதுக்குச் சொந்தக்காரன்தான் இனி இங்க வாத்தியத்துக்கு நெரந்தரம்'னு ஐயரு அன்னைக்கே கமிட்டியில சொல்லிட்டுத்தான் ஒன்கிட்ட கேக்க வந்தாவ, நீ மூணு தடவ இல்லன்ன, அந்தச் சத்தம் ஒன் காசியோவான்னு கேட்டதுக்குத் தவசிமுத்து ஒரே தடவ ஆமான்னான்."