மூன்றாவது கார்டு

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருள்களை நீட்டி, "இதுல எது உசத்தி?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறும். கேட்டவர் மேல் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் 'கம்ப்யூட்டர் சார்' என்ற பட்டத்தோடு திரிந்த ஒரு ஒல்லிப் பயல் மேல். அந்தப் பயல் நான்தான்.

அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் குறைவு. யார் வீட்டுப் பெட்டி மக்கர் செய்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். போய் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி நேரம் சரியாகிவிடும். (மீதி நேரம், "பார்ட்டு மெட்ராஸ்லருந்து வரணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.)

என் அக்கா ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் சேவியர் மச்சானுக்குப் பள்ளத்தூரில் வீடு, வங்கியில் வேலை. கோபத்தில் எனக்கு அண்ணன். கம்ப்யூட்டர் வாங்கியபோது அக்காவிடம், "ஆபீஸ் வேலை பழகத்தான்" என்று சொன்னார். பழகியது கார் ரேஸ். அந்தக் காரோ, வளைவு வந்தால் நின்று, யோசித்து, விக்கி விக்கி ஓடியது.

"கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா வழுக்கிட்டு ஓடும் மச்சான்" என்று சொன்னது என் வாய்.

காரைக்குடிக் கடையில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பச்சை நிறம். ஒன்றில் மெமரி அதிகம். இன்னொன்றில் சிப் புதுசு. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றை அரைகுறையாகப் படித்திருந்த நான், சிப்தான் முக்கியம் என்றேன். மச்சான் மெமரி என்றார்.

"பெரிய பானையிலதானடா நெறைய சோறு வேகும்?"

"அடுப்பு எரியணும்ல மச்சான்?"

கடை வாசலிலேயே குரல் உயர்ந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க, கடைக்காரர் இரண்டு டப்பாக்களையும் என் கையில் திணித்தார். "ஞாயித்துக்கெழம வீட்டுல போட்டுப் பாருங்க. வேணாங்கிறத திருப்பிக் கொண்டாந்துருங்க. சண்டைய மட்டும் அங்குட்டுப் போயி வச்சுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் பள்ளத்தூர் பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா வீட்டில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவராக மச்சானின் அப்பாவை நியமித்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பரீட்சை ஹாலில் இருப்பது போல, மானிட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் என் கார்டு. சிபியுவின் பின்னாலிருந்த ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, கார்டை அழுத்தி உட்கார வைத்து, மூடி, ஒயர்களைத் திரும்பச் சொருகினேன். ஆபரேஷன் முடிந்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன். மச்சான் காரை ஓட்டினார்.

"எப்புடி இருக்கு மாமா? வழுக்கிட்டு ஓடுதுல்ல?"

"சுவத்துல போயி முட்டுது தம்பி."

"அது மச்சான் ஓட்டுற லட்சணம் மாமா. ரோட்டப் பாருங்க, வெண்ணெ மாதிரி இருக்கு."

மச்சான் முறைத்தார். அடுத்து அவருடைய கார்டு. மறுபடி ஒயர் பிடுங்கல், ஒயர் சொருகல்.

"இங்க பாருடா, மரத்துல எல தனித்தனியாத் தெரியுது. உன் கார்டுல வெறும் பச்சைத் திட்டுதான தெரிஞ்சுச்சு?"

எனக்கு ஒரு இலையும் தெரியவில்லை. எல்லாம் திட்டாகத்தான் இருந்தது. "எல எங்க இருக்கு? கண்ணாடிய மாத்துங்க மச்சான்" என்றேன்.

என் கார்டை மறுபடி போட்டேன். வெண்ணெய் தெரிந்தது. (சத்தியமாகத் தெரிந்தது.) அவர் கார்டை மறுபடி போட்டேன். அவருக்கு இலை மட்டுமல்லாமல் கிளையும் தெரிந்தது. குழம்பு இறக்கி வைத்து ஆறிக்கொண்டிருந்தது. பசி வேறு. எனக்குக் காது சிவந்துவிட்டது. மச்சானுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"டைப்பு அடிக்கச் சொல்லிக்குடுக்குற ஆளு நீ. கார்டப் பத்தி உனக்கென்னடா தெரியும்?"

"நாள் பூரா சீல் குத்துற ஆளுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

"உங்க வீட்டுத் தேர்வு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குக் குடுத்த பீரோவ இன்னிக்கும் முழங்கால வச்சுத்தான் மூட வேண்டியிருக்கு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்து, "இப்ப பீரோவ ஏன் இழுக்குறீக?" என்றாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "எங்க வீட்டுத் தேர்வுல தப்பாப் போனது பீரோ இல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

பீரோ இல்லையென்றால் வேறு எது தப்பாகப் போனது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அக்காவின் முகம் செத்துப்போனது. மச்சான் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "செருப்ப மாட்டுடா. சோறும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

ஆத்திரத்தோடு, பெட்டிக்குள் இருந்த மச்சானின் கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டேன். இரண்டு டப்பாக்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டியை மூடி, ஒயரைச் சொருகிவிட்டு எழுந்தேன். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலையிலிருந்து நான் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்ததால், இப்போது மூன்றாவதாக ஏதோ ஒரு கார்டை மாட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

நான் வாசற்படியில் செருப்பைத் தேடும்போது மச்சான் திரும்பி வந்தார். நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"போறவரு பாத்துட்டே போகட்டும். உள்ள இருக்கிறது என் கார்டு. அப்பா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கார் ஓடியது. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார்.

"இதுதாம்ப்பா நல்லா இருக்கு. மூணுலயும் இந்தக் கார்டுதான் முதல் மார்க்கு."

"கேட்டியாடா?" என்றார் மச்சான்.

நான் இரண்டு டப்பாக்களையும் தூக்கிக் காட்டினேன். "உங்க கார்டு இந்தா இருக்கு மச்சான். உள்ள ஒண்ணுமே இல்ல."

அந்த ஒரு நொடி இருக்கிறதே, அவ்வளவு இனிப்பு. மச்சானின் வாய் திறந்தபடி நின்றது. அடுத்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கார்டே இல்லாமல் கார் அதே மாதிரி ஓடுகிறதென்றால், காலையிலிருந்து நான் பார்த்த வெண்ணெய் எங்கிருந்து வந்தது?

போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். புதுக் கார்டு போட்டால், மானிட்டர் ஒயரை அந்தக் கார்டின் முதுகில் இருக்கும் துளையில் சொருக வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும், பழக்க தோஷத்தில், கம்ப்யூட்டரோடு வந்த பழைய துளையிலேயே சொருகியிருக்கிறேன். இரண்டு கார்டும் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் சார்.

சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. மச்சான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிகவும் மெதுவாக, "அப்ப நான் பாத்த எல?" என்று கேட்டார்.

கத்தியது அக்காதான். "இல்லாத கார்டுக்காடா எம்புருசனப் பீரோவோட சேத்துப் பேசுன? நீங்களுந்தான். இல்லாத எலைக்காக எங்கம்மாவப் பட்டினியா அனுப்பப் பாத்தீக. ரெண்டு பேரும் மூடிக்கிட்டு ஒக்காந்து திங்கணும்."

தின்றோம். குழம்பு ஆறியிருந்தது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

பிறகு ஒயரைச் சரியான துளையில் சொருகி, இரண்டு கார்டுகளையும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தோம். கார் நிஜமாகவே வழுக்கிக்கொண்டு ஓடியது, இரண்டிலும். "எதுடா நல்லா இருக்கு?" என்றார் மச்சான். "தெரியல மச்சான்" என்றேன். எனக்கு வெண்ணெயும் தெரியவில்லை, அவருக்கு இலையும் தெரியவில்லை. அக்கா வந்து, டப்பாவில் கிடந்த கார்டைத் தூக்கி என் கையில் வைத்து, "இத கடையில குடுத்துரு" என்றாள். அது எந்தக் கார்டு என்றுகூட அவள் பார்க்கவில்லை.

அந்த பீரோ பேச்சுக்காக அக்கா கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை. மச்சான் அடுத்த வாரமே பேசிவிட்டார். பேசியதோடு நில்லாமல் என் கல்யாணப் பேச்சிலும் வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டில், "தம்பிக்குக் கம்ப்யூட்டரு நல்லா வருமாம்ல?" என்று கேட்டார்கள். மச்சான் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நல்லா வரும். ஒயர மட்டும் நாம சொருகிக்கிறணும்" என்றார். அப்புறம் முழுக் கதையையும் சொன்னார். மாமா மார்க் போட்டது உட்பட.

இன்றைக்கும் என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால், டிவி ஓடிக்கொண்டிருந்தாலும், அதன் பின்னால் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபியை நீட்டுகிறேன்.