கற்பூர இலை காட்டிய கம்பெனி

1974. செங்கல்பட்டு ஜில்லாவில் நெல் விளைந்ததோ இல்லையோ, பட்டதாரிகள் அமோகமாக விளைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அத்தனை பேரும் மாமல்லபுரம் கடற்கரையில், வேலைச் சித்தர் சடையானந்தா முன்னால் நிற்போம்.

தாம்பாளத்தில் தண்ணீர். விளிம்பில் நமக்கு இன்டர்வியூ வந்த கம்பெனிகளின் பெயர்ச் சீட்டுகள். நடுவில், காம்பில் கற்பூரம் ஒட்டிய வேப்பிலை. சாமி மந்திரம் சொல்வார். யாரும் தொடாமலே இலை ஓடும். முட்டிய சீட்டுதான் நம் கம்பெனி. அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, சம்பளம் ஒழுங்காகத் தருமா என்றெல்லாம் அலைந்து விசாரிக்கும் தொல்லை இல்லை.

நான் கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு. அதிகம் படிப்பேன்; பேசவே மாட்டேன். அதனால் என்னை அறிவாளி என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

எனக்கு ஒரே திங்கட்கிழமை, ஒரே பத்து மணிக்கு இரண்டு இன்டர்வியூ. கல்பாக்கத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. செய்யூர் பாக்கியம் கெமிக்கல்ஸில் சூப்பர்வைசர் வேலை. ஒன்றுக்குப் போனால் மற்றது போச்சு.

இலை ஓடியது. பாக்கியம்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“இன்னாடா, அழுதுகினு நிக்கிறே?”

டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் என் அக்கா வச்சலா. செய்யூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள்.

“உன் கம்பெனியைப் பார்த்துட்டுதான் வரேன். சவுக்குத் தோப்புல ஒரு போர்டு. போர்டுல ஒரு ஆடு கட்டிக் கீது. மொதலாளி இந்தச் சாமியோட மச்சானாம். வேலைக்கு டெபாசிட் கட்டின பசங்க அவனைத் தேடிகினு கீறாங்க.”

“அப்போ இலை தானா ஓடுதே, அது பொய்யா?” என்று கூட்டம் சீறியது.

அக்கா இலையை எடுத்துக் கல்பாக்கம் சீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். மந்திரமில்லாமலே கல்பாக்கத்துக்கு ஓடியது. பிறகு தன் தலையில் விரலைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு தண்ணீரைத் தொட்டாள்.

“இப்ப ஓட்டு, சாமி.”

சாமி தொண்டை கிழியக் கத்தினார். இலை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சாமிதான் ஓடினார்.

“எப்படிக்கா தெரிஞ்சுது?” என்றேன்.

“பரீட்சைக்கு வூடே அதிர நீதானேடா உருப்போட்டே? கற்பூரம் கரைஞ்சா பரப்பு இழுவிசை கொறையும், இலை ஓடும், எண்ணெய் பட்டா நின்னுடும்னு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.”

நான் தாம்பாளத்தையே உற்றுப் பார்த்தேன். ஆழ்ந்த சிந்தனை என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

அதற்குள் கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. “எக்கா, அந்த எண்ணெய் விரலால எங்க சீட்டையும் தொட்டுச் சொல்லுக்கா!”

முதலில் சீட்டை நீட்டியவன் நான்.

அக்கா என்னையே பார்த்தாள். “எண்ணெய் தலைக்கு வெளியே கீது, நான் தொட்டுட்டேன். உள்ளே கீறதை நீங்கதான்டா தொட்டுப் பார்க்கணும்.”