சைனா மாமாவின் மத்தியானச் சாப்பாடு

சீனாவுக்குப் போய்வந்தவர்கள் ரங்கூனில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெருஞ்சுவரைப் பார்த்தோம், வானத்தைத் தொடும் கட்டடத்தைப் பார்த்தோம் என்று போனில் படம் காட்டுவார்கள். அவ்வளவு பெரிய தேசத்தில் ஆலை ஆலையாகச் சுற்றிவிட்டு, தொழிலாளிகளின் சோற்றுத் தட்டை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வந்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சைனா மாமா.

ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் தன்லியினுக்கு வெளியே அவருக்குக் கொஞ்சம் நிலம். மழைக்கு நெல், நெல் அறுத்ததும் பச்சைப்பயறு. நான் ரங்கூன் பக்கம் தாகேதாவிலிருந்து தினமும் பஸ் பிடித்து, தன்லியினில் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவன். கண்ணாடி போட்டுக்கொண்டு பேனா செருகியிருப்பதால் எல்லோருக்கும் நான் 'சயா', அதாவது வாத்தியார். யாருக்கும் நான் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ குடிக்காமல் எனக்கு வேலை ஓடாது. மாமாவும் அதே டீக்கடைக்கு வருவார். பயணத்துக்கு முன்பு அவர் வாயைத் திறக்க வைப்பது கஷ்டம். போய்வந்த பிறகு மூட வைப்பது அதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

அவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, பாவம். பயறு நெற்று எல்லாம் ஒரே நாளில் காய்ந்துவிடாது. காயக் காய, குனிந்து கையால் பறிக்க வேண்டும். பறித்த பெண்களில் பாதிப் பேர் ரங்கூனில் ஷ்வேப்யிதா பக்கம் தையல் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் தாய்லாந்துக்கு. முந்தைய பட்டத்தில் ஆளில்லாமல் பாதி நெற்று வெயிலில் வெடித்து மண்ணில் கொட்டிவிட்டது. அவர் சம்சாரத்தை நாங்கள் அத்தை என்போம். அத்தை அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால், குடோன் கட்ட நிலம் கேட்டு அலைகிறவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு, தாகேதாவில் மகள் இருக்கும் மாடிவீட்டுக்குப் போய்விட வேண்டியது. மாமாவுக்கு மாடி என்றாலே மூச்சு முட்டும். அந்தச் சமயம் பார்த்து ஒரு மெஷின் ஏஜெண்டு, வாங்குகிற முகம் உள்ள விவசாயிகளையெல்லாம் பொறுக்கிச் சீனாவுக்குக் கூட்டிப்போனான். மாமாவும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் ஆலையின் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது கூத்து. கோயிலோ வீடோ ஆபீசோ, உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றுவதுதானே நம் பழக்கம். மாமா கழற்றினார். பெரியவரே கழற்றுகிறாரே என்று பின்னால் வந்த மொத்தக் கூட்டமும் கழற்றியது. உள்ளே நுழைந்தால், மனிதன் தொடாமலே இரும்பு வளைகிறது, மடிகிறது, சாயம் பூசிக்கொண்டு வருகிறது. வாயைப் பிளந்தபடி நடந்து நடந்து வந்தவர்களை மறுகோடியில் வெளியே விட்டார்கள். பஸ் அங்கே நிற்கிறது. செருப்பு முன்வாசலில் இருக்கிறது. ஆளனுப்பிப் பார்த்தால், குப்பை என்று நினைத்து எவனோ கூட்டி அள்ளிவிட்டான். வெளியே நல்ல குளிர். ஆலைக்காரர்கள் பயந்துபோய் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். லுங்கியும் பூட்ஸுமாகவே மாமா மிச்சச் சீனாவையும் பார்த்து முடித்தார்.

வியாபாரத்தையும் அவர் விடவில்லை. மொத்த வியாபாரச் சந்தை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். தளம் தளமாகக் கடை. அத்தைக்கு ஒரு சீப்பு வாங்கலாமென்று மாமா விலை கேட்டிருக்கிறார். கடைக்காரப் பெண் எத்தனை பெட்டி என்று கேட்டாள். ஒன்று என்றார் மாமா. அவள் பெட்டியை எடுத்து வந்து வைத்தாள். பெட்டி இல்லை, சீப்பு ஒன்று என்றார். மொழிபெயர்க்க வந்த பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மாமா விடாமல் பேரம் பேச, கடைசியில் அவள் ஒரு சீப்பைச் சும்மாவே கையில் கொடுத்து அனுப்பிவைத்தாள். சீனாக்காரியைப் பேரத்தில் ஜெயித்தவன் நான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

பிறகு சேமியா ஆலை. நம் பச்சைப்பயறு அங்கே போய்த்தான் கண்ணாடி மாதிரிச் சேமியாவாகிறது. மலையாகக் குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்ததும், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போன தகப்பன் மாதிரி மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரம் படாமல் வைத்திருக்கிறீர்களா என்று மானேஜரை விசாரித்திருக்கிறார். அந்த நேரத்தில் மணி அடித்தது. மெஷினெல்லாம் நின்றது. எல்லோரும் ஒரு பெரிய கூடத்துக்குப் போனார்கள். ஆவி பறக்கும் சோறு, கறி, கீரை, சூப்பு. துடைப்பக்காரரும் மானேஜரும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றார்கள். மாமா படம் பிடிக்கப் போனை எடுத்தது அப்போதுதான். அதற்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் சோற்றுத் தட்டுதான்.

அறுவடை மெஷினையும் காட்டினார்கள். அது போகிற வழியில் காய்ந்தது, பச்சை என்று பார்க்காமல் செடியோடு வழித்துக்கொண்டு போயிற்று. மாமாவின் செடியோ மூன்று பறிப்புக் கொடுக்கிற ஜாதி. இது நமக்கு ஆகாது என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டார்.

டீக்கடையில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தட்டுகள்தான். இது டிராக்டர் ஆலைத் தட்டு, இது சேமியா ஆலைத் தட்டு. பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏன் மாமா, பிளேன் ஏறிப் போயி பசியாறிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா கோபப்படவில்லை. "பாய், மெஷின எல்லாரும் பாக்குறாங்க. அதுக்குப் பக்கத்துல நிக்கிறவன் மத்தியானம் என்னா தின்னான்னு எவன் பாக்குறான்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பயறு காயத் தொடங்கியதும் விஷயம் வெளியே வந்தது. நம் பக்கத்தில் வயல்வேலைக்கு வருகிறவர்கள் விடியற்காலையில் கட்டிய சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, வரப்பில் உட்கார்ந்து ஆறிப்போனதைத் தின்பதுதான் வழக்கம். தன் வயலில் கூலியும் உண்டு, மத்தியானம் பந்தல் நிழலில் சுடுசோறும் உண்டு என்று மாமா ஊரெல்லாம் சொல்லி அனுப்பினார். அத்தை என்னிடம் வந்து புலம்பினாள். "மெஷின் வாங்கப் போன மனுசன், எனக்கு அடுப்பு வாங்கியாந்திருக்காரு, சயா."

முதல் நாள் கிழவிகள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். ஆக்கின சோறு அண்டாவில் அப்படியே கிடந்தது. அத்தை மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாத்திரத்தைக் கழுவினாளாம். நெற்று கறுத்துக்கொண்டே வந்தது. குடோன்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து வரப்போரமாக நின்று பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் மாமா டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் தட்டுப் படத்தை எடுக்கவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தேன்.

சோறு நன்றாக இருந்தது என்று அந்தக் கிழவிகள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தடுத்த நாள் மகள்கள் வந்தார்கள், பேத்திகள் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தையல் ஆலைக்கு லீவு. அங்கே வேலைக்குப் போன பெண்களே சில பேர் அம்மாக்களோடு வந்து இறங்கினார்கள். நானும் பாயும் சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம். அத்தை ஆளுக்கொரு கூடையைக் கையில் திணித்தாள். பார்க்க வந்தவங்களுக்குச் சோறு கிடையாது என்றாள். பேனா பிடித்த என் கை பயறு பறித்த லட்சணத்தைப் பார்த்து பர்மாப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உச்சிவேளைக்குள் இடுப்பு எனக்குச் சொந்தமாகவே இல்லை.

சோறு, புளிச்சக்கீரை, மீன் வறுவல். பந்தலில் இடம் இல்லாமல் வரப்பு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். குடோன்காரன் திரும்ப வந்தால் என்ன சொல்லப்போகிறாய் என்று பாய் அத்தையைச் சீண்டினார். அவள் அகப்பையைக் கீழே வைக்காமலே, "வந்தான்னா அவனுக்கும் ஒரு கூடை குடுங்க" என்றாள்.

மாமா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அண்டாவில் ஒரு பருக்கை இல்லை. அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, உலகத்தையே பிடித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தட்டிலிருந்த சோற்றில் பாதியை அவர் தட்டில் தள்ளினேன். சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து சாப்பிட்டார். பேசியிருந்தால், சத்தியமாக, அன்றைக்கு நான் முழுக்கக் கேட்டிருப்பேன்.