தண்டனை ஆகாமல் வாசலை விடாத ஜட்ஜு

எந்த ஹைகோர்ட் ஜட்ஜும் தன் ஆயுளில் அத்தனை பேரைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார். திண்டிவனத்தில் எங்கள் டூரிங் டாக்கீஸ் வாசலில் டிக்கெட் கிழித்த ஜட்ஜு போட்டார். திரையில் வில்லன் வந்து மீசையைத் தடவி முடிப்பதற்குள் பின்னாலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "இவனுக்குத் தூக்கு." மருமகளைப் படுத்தும் மாமியார்களுக்கு ஆயுள். இடைவேளைக்குள் கோர்ட் கலைந்துவிடும். அப்புறம் தண்டனை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்ப்பார்.

அதற்கென்று ஒரு சட்டமே வைத்திருந்தார். வில்லனுக்குத் தண்டனை ஆகாமல் யாரும் வெளியே போகக்கூடாது. எழுந்து வந்தால் வாசலில் கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். விடிந்தால் திருவாமாத்தூர் கோயிலில் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை ஒருவன், கடைசி பஸ் போய்விடும் என்று கெஞ்சினான்.

"வில்லன் உசுரோட சுத்திக்கினு இருக்கான், நீ போயி தாலி கட்டுவியா? குடும்பம் வெளங்குமா? உக்காருப்பா."

உட்கார்ந்தான். லாரி பிடித்துப் போய்த் தாலி கட்டினான். மறு வருஷம் பிள்ளைக்கு அவர் பெயரையே வைக்கலாம், பெயர் என்ன என்று வந்து கேட்டான். "ஜட்ஜுன்னே வையி" என்று அனுப்பிவிட்டார். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்கும் அவர் நிஜப் பெயர் தெரியாது.

ஒரு பக்திப் படத்தில் சாமி அசுரனை மன்னித்துவிட்டது. ஜட்ஜு நேரே ஆபரேட்டரிடம் போனார். "சாமி வுட்டுட்டாரு. நான் வுடல. அந்தச் சண்டை ரீல இன்னொரு தபா போடு." போட்டார்கள்.

சிரிப்போம். ஆனால் இந்த ஜட்ஜு உத்தியோகம் எங்கே ஆரம்பித்தது என்று எல்லோருக்கும் தெரியும். கல்குவாரியில் வெடிக்குத் தீ வைக்குமுன் மேஸ்திரி விசில் ஊத வேண்டும், ஆட்கள் ஓடி ஒதுங்க வேண்டும். அங்கே வேலை பார்த்த ஜட்ஜுவின் தம்பி ஒதுங்கவில்லை, வெடியில் செத்தான். "ஊதினேன், அவன்தான் கவனிக்கல" என்று மேஸ்திரி சாதித்துவிட்டார். கேஸ் தள்ளுபடி. செத்தவன் மேல் பழி நின்றது.

சில வருஷம் கழித்து ஒரு பழிவாங்கும் படம் வந்தது. எங்கள் முதலாளிக்கு விழுப்புரத்திலும் ஒரு கொட்டகை. இரண்டுக்கும் ஒரே காப்பி. அங்கே ஓடி முடிந்த ரீல் பஸ் ஏறி இங்கே வரும். கதை இதுதான்: தம்பியைக் கொன்றவனை அண்ணன் விரலால்கூடத் தொடுவதில்லை. தினமும் காலையில் அவன் வாசலில் தம்பியின் செருப்பைக் கொண்டுபோய் வைக்கிறான். அதிலேயே அவனுக்குச் சித்தம் கலங்குகிறது.

ஒருநாள் மேஸ்திரியே படம் பார்க்க வந்தார். நாற்காலி டிக்கெட். ஜட்ஜு முகத்தைப் பார்க்காமல் கிழித்துப் பாதியைக் கொடுத்தார்.

படத்தில் வில்லன் ஓடி ஓடிக் கிணற்றில் விழுந்து கயிற்றில் தொங்குகிறான். கயிறு அண்ணன் கையில். விடுவானா, இழுப்பானா? அந்த இடத்தில் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. கடைசி ரீல் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

"ஜட்ஜு, தீர்ப்பு சொல்லு" என்றது தரை டிக்கெட்.

ஜட்ஜு குனிந்து, கிழித்த டிக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

"கயித்த வுடணும். அவ்ளோதான்" என்றான் ஒருவன். தலைகள் ஒவ்வொன்றாக நாற்காலிப் பக்கம் திரும்பின. மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தார். கை குறுக்கே நீண்டது. பின்னால் மணல் தரையே எழுந்து நின்றது.

"வுடாத ஜட்ஜு. இன்னிக்கே தீர்த்துடலாம்."

"இன்னாத்த தீர்க்கறது? இது என் கேஸு. வாதி நானு. வாதியே ஜட்ஜா உக்கார முடியுமா? நீங்களும் உக்கார முடியாது, நீங்கல்லாம் தரை டிக்கெட்டு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஜட்ஜு கையை இறக்கினார். தண்டனை ஆகாமல் அந்த வாசலைத் தாண்டிய ஒரே ஆள் மேஸ்திரிதான். இரண்டடி வைத்தவர் திரும்பினார்.

"விசில் ஊதலப்பா நான்."

"எங்கிட்ட சொல்லாதீங்க. எங்கம்மா, விசில் ஊதுனாங்களா இல்லியான்னு இன்னும் கேட்டுக்கினு கெடக்குது. அதுங்கிட்ட வந்து சொல்லுங்க. தெருவுல நாலு பேர் இருக்கறப்ப சொல்லுங்க."

மறுநாள் காலையில் தெருவே பார்க்க மேஸ்திரி வந்து சொன்னார். செத்த பிள்ளையின் பெயர் சுத்தமானது.

அதற்கு முன்னால், அன்றைக்குக் கடைசி ரீல் வந்து சேர்ந்தது. அண்ணன் கயிற்றை இழுத்து வில்லனைக் கரையேற்றினான். கொட்டகை கைதட்டியது, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து.

"காசு குடுத்துட்டு இங்க இன்னாத்த பாக்கறீங்க? படத்தப் பாருங்கப்பா" என்று அதட்டினார் ஜட்ஜு.

இப்போதும் எந்தத் தியேட்டரிலும் நான் பாதியில் எழுந்திருப்பதில்லை. போகிறவர்கள் போகட்டும். அந்தக் கை இறங்காமல் எனக்குக் கால் வராது.