பன்னிரண்டு ஜாடிகளும் இரண்டு விரலும்

பூரலின் என்ற எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமைதான். ஊர் மண்டபம்கூடக் கோதுமைப் பணத்தில் கட்டியது. அந்த மண்டபத்து மேடையில் நின்றுகொண்டு, "கோதுமை விஷம்" என்றார் ஒருவர். கோதுமை விவசாயிகள் இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற நானும் தட்டியிருப்பேன். கையில் தேநீர்க் கோப்பை இருந்ததால் மானம் தப்பியது.

நான் நெவில். ஊரில் கால்நடைத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். விஷத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் ஜாஸ்பர். கடற்கரை நகரத்தில் நீச்சல் குளங்களுக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஞானம் பெற்று ஆதிமனிதர்களின் பிரதிநிதி ஆகிவிட்டார். ஆதிமனிதன் தானியம் தின்னவில்லையாம், அதனால் நோயே இல்லாமல் வாழ்ந்தானாம். அவ்வளவு ஆரோக்கியமானவன் எதனால் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை. மகான் வெறுங்காலோடுதான் நடப்பார். அவர் வந்து இறங்கும் காரில் இருக்கைக்குச் சூடேற்றும் வசதி உண்டு.

அவருடைய அற்புதம் இரண்டு விரலில் இருந்தது. இடது கையில் கோதுமை ஜாடியைக் கொடுத்து, வலது கையை நேராக நீட்டச் சொல்வார். இரண்டு விரலால் லேசாக அமுக்குவார். கை தொப்பென்று விழும். "பார்த்தீர்களா, உடம்பு அழுகிறது" என்பார். அடுத்து அவர் விற்கும் 'குகைத்தூள்' டப்பாவைக் கொடுப்பார். அதே விரல், அதே அமுக்கு, கை வேலிக்கம்பம் மாதிரி நிற்கும். டப்பா தொண்ணூறு டாலர். மூட்டை மூட்டையாகக் கம்பளி தூக்குகிற கை இரண்டு விரலுக்கு விழுந்ததே என்று ஆட்கள் கண்ணீர் விட்டார்கள்.

பீரும் பார்லி என்ற தானியத்தில்தான் ஆகிறது என்று முதல் கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மண்டபம் மயானமாகிவிட்டது. மறுவாரமே அவருக்குப் புதிய ஞானம் பிறந்தது. பார்லியின் விஷம் நுரையோடு போய்விடுகிறதாம். அன்றைக்குத்தான் டப்பா அதிகம் விற்றது.

ஊர் தலைகீழானது. கால்பந்து மைதானத்தில் விற்கிற, கறியைக் கோதுமை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'மீட் பை'யின் மேலோட்டை உரித்துப் போட்டுவிட்டு, கொதிக்கிற கறியை முட்டைக்கோஸ் இலையில் ஏந்தித் தின்றார்கள். பாதிப்பேருக்கு உள்ளங்கை வெந்தது. மாதர் சங்கம் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியைப் பாதாம் மாவில் சுட்டது. அதில் ஒன்றை மண்டபத்துக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இன்றுவரை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

என் நண்பன் மரே ஆறாயிரம் ஏக்கர் கோதுமை போடுகிறவன். கடைக்கு வந்தவனிடம் கேட்டேன்.

"கோதுமை விஷம்னா, நீ கப்பல்ல ஏத்தி அனுப்புறியே, அதைத் தின்னுறவங்க கதி?"

"அவங்களுக்குப் பழகியிருக்கும் மச்சான்" என்றான், சிரிக்காமல்.

நான் சிரித்தேன். அவன் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. மரேவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசியில்தான் ஐம்பது வருடம் ஓடியிருக்கிறது. தானியம் தொடாமல் நாற்பது நாள் முடித்தால் உடம்பு தானாகவே இன்சுலின் சுரக்கும் என்று ஜாஸ்பர் சொல்லிவிட்டாராம். நாற்பதாவது நாள் ஊர்க் கண்காட்சி. அன்று எல்லார் முன்னாலும் ஊசியைக் குப்பையில் போடப்போகிறானாம். அன்றைக்கு முப்பத்தோராவது நாள்.

அவன் மனைவி கிளெனிஸ் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் கேட்டாள். ரொட்டியைக் குறைத்துக்கொள்வதானால் டாக்டரைக் கேட்டு ஊசி அளவை மாற்றிக்கொள்ளலாம், ஊசியையே நிறுத்தினால் சில நாளில் ஆள் இருக்க மாட்டான் என்று நர்ஸ் சொன்னாள். கிளெனிஸ் அதை வீட்டில் சொன்னபோது, மரே தன் கையை நீட்டிக் காட்டி, "என் கை பொய் சொல்லுமா?" என்றானாம். எனக்கு ஆத்திரம் வந்தது. ஜாஸ்பர்மேல் பாதி, இவன்மேல் மீதி.

கிளெனிஸ் வாதாடவில்லை. கண்காட்சியில் சமையல் பிரிவுக்கு முப்பது வருடமாக அவள்தான் பொறுப்பு. அங்கே ஒரு சட்டம் உண்டு. தட்டில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. முன்னொரு காலத்தில் ஊராட்சித் தலைவர் மனைவியின் கேக்தான் வருடாவருடம் முதல் பரிசு வாங்கியது. எண் போட ஆரம்பித்த வருடம் அந்தக் கேக் கடைசியில் நின்றது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஜாம் பாட்டில்கூட எண் இல்லாமல் மேசை ஏறாது.

"கண்காட்சி அன்னைக்கு எங்க சமையல் கொட்டகையில சோதனை செஞ்சு காட்டுங்க, ஊரே வரும்" என்று ஜாஸ்பரை அழைத்தாள். கூட்டம் என்றதும் அவர் தலையாட்டினார். என்னை அழைத்து, பன்னிரண்டு ஜாடி நிரப்பச் சொன்னாள். நான்கில் கோதுமை. நான்கில் குகைத்தூள். நான்கில் என் கடை ஆட்டுத் தீவனம், அதில் முக்கால்வாசி பார்லி. எல்லாவற்றையும் குலுங்கிச் சத்தம் வராதபடி பஞ்சு வைத்து இறுக்கி, என் தராசில் ஒரே எடைக்கு நிறுத்து, பழுப்புக் காகிதம் சுற்றி எண் ஒட்டினோம். எந்த எண்ணில் எது என்ற பட்டியல் உறையில் மூடி போலீஸ் சார்ஜென்ட் சட்டைப்பைக்குப் போனது. எங்கள் முகத்தைப் பார்த்து யாரும் துப்பறியக் கூடாதென்று, சோதனை முடியும்வரை நாங்கள் இருவரும் கொட்டகைக்கு வெளியே வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றோம்; அதுவரை உள்ளே கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காகிதத்தைப் பார்த்ததும் மகானுக்கு முகம் சுருங்கியது. காகிதம் சக்தியைத் தடுக்கும் என்றார். வாசலில் இருந்தபடியே கிளெனிஸ் குரல் கொடுத்தாள்: "இத்தனை நாள் கண்ணாடி ஜாடிக்குள்ள இருந்து வந்த சக்தி, காகிதத்துக்குப் பயந்துக்குமா?" கூட்டம் சிரித்தது. இனிமேல் பின்வாங்க வழியில்லை.

ஜாடி பிடிக்க வந்தவள் தபால் நிலையத்து டிரூடி. ஒவ்வொரு ஜாடியாக வாங்கினாள், கையை நீட்டினாள். ஜாஸ்பர் அமுக்கினார், கண்ணை மூடினார், "விஷம்" என்றார், "அமுதம்" என்றார். சார்ஜென்ட் எழுதிக்கொண்டே வந்தார். முதல் வரிசையில் மரே, மடியில் ஊசிப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உறை பிரிந்தது. சார்ஜென்ட் திருட்டு வழக்குப் படிக்கிற குரலில் படித்தார். குகைத்தூள் நான்கு ஜாடி: மூன்று விஷம். கோதுமை நான்கு ஜாடி: மூன்று அமுதம். ஆட்டுத் தீவனம் நான்கு ஜாடி: நான்கும் அமுதம்.

யாரோ ஒருவர் பின்வரிசையில் ஆடு மாதிரி கத்தினார்.

டிரூடி ஜாடியைக் கீழே வைத்தாள். "எனக்குக் கோதுமை நிஜமாவே ஆகாதுங்க. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னது. ஒரு துண்டு ரொட்டி உள்ள போனா ரெண்டு நாள் படுக்கைதான். ஊர்லயே அது ஆகாத ஒரே ஆளுக்கு, உங்க விரல் மூணு தடவை 'தின்னு'ன்னு சொல்லுது."

இந்த ஊர் நம்பிக்கையற்ற ஊர், அதனால் சக்தி கலங்கிவிட்டது என்றார் ஜாஸ்பர். அதற்குள் கிளெனிஸ் உள்ளே வந்து அவர் கையிலேயே ஒரு குகைத்தூள் டப்பாவைத் திணித்து, மற்ற கையை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அமுக்கினாள். மகானின் கை விழுந்தது. மறுபடி நீட்டவைத்து, முழங்கைக்குப் பக்கத்தில் அமுக்கினாள். நின்றது.

"கோதுமைன்னா கை நுனியில அமுக்குவாரு, டப்பான்னா முழங்கைப் பக்கம் அமுக்குவாரு" என்றாள். "கேட்டைத் தள்ளுற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கீல் பக்கம் தள்ளினா அசையுமா?"

இருநூறு விவசாயிகளும் வாழ்நாள் முழுக்கக் கேட் திறந்து மூடுகிறவர்கள். ஒவ்வொருவரும் தன் கையை நீட்டி, நுனியிலும் முழங்கைப் பக்கமும் அமுக்கிப் பார்த்தார்.

மரே எழுந்தான். குப்பைத்தொட்டி அவன் காலடியில்தான் இருந்தது. "கிளெனிஸ், அப்போ என் உடம்பு சுரக்காதா?" என்று கேட்டான். ஐம்பது வருட ஊசியிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்பிய மனிதனை எப்படித் திட்டுவது?

"சுரக்காது மரே" என்றாள் அவள். "ஆனா நீ இருப்ப. உட்காரு, சர்க்கரை எவ்வளவுன்னு பார்ப்போம்." அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது மகானைக் காணோம். சூடான இருக்கை அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று எழுதியிருப்பேன். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தேன். வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஆட்டுத் தீவனம் வேண்டும் என்றார்கள். மூவரில் ஒருவருக்கும் ஆடு கிடையாது.

"நாலுக்கு நாலு தேறிச்சே நெவில்" என்றார் ஒருவர். "பாலோட சாப்பிடணுமா, வெறும் வயித்திலயா?"

ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "என் கடைத் தீவனத்தை ஆடுகூட முதல்ல மோந்து பார்த்துட்டுத்தான் வாய் வைக்கும். நீங்க அந்த அளவுக்கு வந்ததும் சொல்லுங்க, மூட்டை கட்டித் தர்றேன்."