ஓடி அப்பாயோ

கொரிய மொழியில் எனக்கு இன்றுவரை மறக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதுவும் பிழையான பதில் சொல்லிப் படித்தது.

பழுகாமத்திலிருந்து மட்டக்களப்புக்குக் கொரிய வகுப்புக்குப் போய்வந்த காலம். அப்பா வேறொருத்தியோடு போய்விட்டிருந்தார். தங்கச்சி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். வீடு அம்மாவின் வயல் கூலியில் நடந்தது. அம்மாவுக்கோ முழங்கால் நோவு. நான் கொரியாவுக்கு வேலைக்குப் போனால் அவர் வயல் வட்டையில் இறங்கத் தேவையில்லை.

நானோ படிக்கவில்லை. கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான், புல் புல்தான் என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். (அந்தப் பெருமையில் என் நடையே மாறியிருந்தது.)

“அண்ணா, உடம்பு, வருத்தம், நோவு எண்ட பாடம் அப்பிடியே கிடக்கு,” என்றாள் தங்கச்சி, கொப்பியைப் புரட்டியபடி.

“அரைவாசிப் பாஷை நமக்குப் பிறக்கக்குள்ளயே தெரியும் புள்ள. மிச்சத்த அங்க போய்ப் பாப்பம்.”

எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தப்பினேன். நேர்முகத்துக்குக் கொழும்பு போனபோது போட்டிருந்தது மச்சானின் கால்சட்டை. மச்சான் என்னைப்போல் இரண்டு மடங்கு. அது நழுவாமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி, வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன்.

கொரிய அதிகாரி என் கையையே பார்த்தார். “ஓடி அப்பாயோ?”

எனக்குத் திக்கென்றது. அப்பா ஓடிப்போன கதை கொரியா வரைக்கும் போய்விட்டதா? வெட்கமாக இருந்தது. அப்பா மீது ஆத்திரமும் வந்தது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“நே, நே,” என்றேன்.

கொரிய ‘நே’ என்றால் ஆம். அது முதல் நாள் பாடம். ஆனால் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குள் கால் வைத்தாலே என் நாக்கு சிங்களத்துக்கு மாறிவிடும். சிங்கள ‘நே’ என்றால் இல்லை.

“மானி அப்பாயோ?” என்றார், இரக்கத்தோடு.

மறுபடியும் அப்பாவா? “நே,” என்றேன், இன்னும் அழுத்தமாக.

அவர் ஏதோ எழுதினார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முன்பே கொரியாவில் வேலை செய்த கதிரவெளிக்காரர் ஒருவர் வெளியே நின்றார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“எங்க நோகுது எண்டு கேட்டிருக்கான் தம்பி. பிறகு, கடுமையா நோகுதா எண்டு. நீ ஓம், ஓம் எண்டிருக்காய்.”

தெரிவானவர்கள் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அம்மா வட்டைக்குப் போவதும் நிற்கவில்லை. கதையை வீட்டில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, வேலையால் வந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கச்சி மெல்லக் கேட்டாள். “ஓடி அப்பாயோ?”

எங்கள் வீட்டில் அப்பாவின் பேச்சையே எடுப்பதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஓம் புள்ள,” என்றார் அம்மா. “ஓடி எட்டு வருசம்.”

அன்று மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இப்போதும் முழங்காலுக்கு எண்ணெய் பூசும்போது அதே கேள்வி, அதே பதில். வருசத்தை மட்டும் அம்மா பிசகாமல் கூட்டிச் சொல்கிறார். இப்போது பதினொன்று.